லித்தியம் மாத்திரை: பாதுகாப்பு எச்சரிக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை மேசையிலும் மனநலப் பிரிவு வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்கள் இவை. மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் லித்தியம் சாப்பிடுகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்துப் பதில் எழுதப்பட்டிருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் டாக்டரின் வேலை. எப்போது அவரிடம் ஓட வேண்டும், எதைக் கையில் எடுத்துப் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

1. லித்தியம்னா பேட்டரியில போடுறதுதானே? அதையா மனுசன் சாப்பிடுறது?

தனிமம் ஒன்றுதான். மாத்திரையில் இருப்பது லித்தியம் கார்பனேட் என்ற உப்பு. 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், இது மனவெழுச்சியை அடக்குவதை எழுதி வெளியிட்டார். மனம் அளவுமீறிப் பொங்குவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு இன்றும் முதல் வரிசை மருந்து இதுதான். தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதில் இதற்கு ஈடு சொல்ல வேறு மருந்து அதிகமில்லை. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

கடைகளில் லித்தோசன், லைகேப், இன்டாலித் போன்ற பெயர்களில் கிடைக்கும். பெரும்பாலும் 300 மில்லிகிராம் சாதா மாத்திரை, அல்லது மெதுவாகக் கரையும் 400, 450 மில்லிகிராம் மாத்திரை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது சி.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது.

2. மத்த மாத்திரைக்கெல்லாம் இல்லாம இதுக்கு மட்டும் ஏன் அடிக்கடி ரத்தம் எடுக்குறாங்க?

வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நீண்ட நாள் சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள். நோய் கொதிநிலையில் இருக்கும்போது 1.0, சிலருக்கு 1.2 வரை போவதும் உண்டு. வயதானவர்களுக்கு இதைவிடக் கீழே வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சேறும் அறிகுறிகள் வரத் தொடங்கும், 2.0-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. சில லேப் ரிப்போர்ட்டில் மில்லிமோல் என்றும் சிலவற்றில் மில்லி ஈக்விவலென்ட் என்றும் போட்டிருப்பார்கள். லித்தியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான், குழம்ப வேண்டாம்.

ஆரம்பித்த புதிதிலும், அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும், ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். அளவு நிலைத்தபின் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதன்பின் ஆறு மாதம் போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும். வயதானவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கேள்வி 5, 6-ல் வரும் மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் மூன்று மாதக் கணக்கு தொடரும். கூடவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் பார்க்க வேண்டும். கால்சியத்தை விட்டுவிடுவது சகஜம், கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. ரத்தம் குடுக்க எத்தனை மணிக்குப் போகணும்? வெறும் வயித்துலயா?

கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ராத்திரி 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு ரத்தம். காலையிலும் மாத்திரை உண்டென்றால் அதைக் கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்தபின் போட வேண்டும். காலை மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, "1.4 வந்திருச்சு" என்று பதறி வருவதுதான் இந்த மாத்திரையில் அதிகம் நடக்கும் கூத்து. லித்தியத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதே நேரத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் சாப்பிடாமல் போங்கள்.

இன்னொன்று, ரத்தம் பிடிக்கும் குழாய். பச்சை மூடி போட்ட குழாய்களில் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பார்கள். குழாயிலேயே லித்தியம் இருந்தால் ரிசல்ட் பொய்யாக ஏறித்தான் காட்டும். சிவப்பு மூடி போட்ட சாதாக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ஆள் தெம்பாக இருக்கிறார், மாத்திரையும் மாறவில்லை, ரிப்போர்ட்டில் மட்டும் 2-க்கு மேல் என்றால் முதலில் குழாய் நிறத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாமல், அன்றைக்கே மறுபடி ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

4. "புது எச்சரிக்கை சேத்துருக்காங்க"ன்னு ஃபோன்ல வருது. நேத்து வரைக்கும் நல்ல மருந்து, இன்னைக்குக் கெட்டதாயிருச்சா?

இல்லை. மருந்து விற்பனைக்கு வந்தபிறகும் உலகம் முழுக்கப் பக்கவிளைவுகளைச் சேகரிக்கிறார்கள். ஒரு விஷயம் உறுதிப்பட்டால் மருந்தோடு வரும் விவரத்தாளில் ஒரு வரி சேரும். லித்தியத்தில் இப்படிச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை "இன்ன மருந்தோடு சேர்த்தால் கவனம்", "இன்ன நோய் இருந்தால் கவனம்" என்ற வகை. பிறவியிலேயே புருகடா எனும் இதயத்துடிப்புக் கோளாறு மறைந்திருப்பவர்களுக்கு லித்தியம் அதை வெளிக்கொண்டுவரலாம் என்பது அப்படிச் சேர்ந்த ஒன்று. குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் இருந்தாலோ, உங்களுக்கே காரணமில்லாமல் மயக்கம் வந்திருந்தாலோ அதை டாக்டரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்த வரியைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

2009-ல் இங்கிலாந்தில் வந்த பாதுகாப்பு எச்சரிக்கையும் புதிய பக்கவிளைவு எதையும் சொல்லவில்லை. ரத்தம் பார்க்காமலும், கூடச் சாப்பிடும் மருந்தைக் கவனிக்காமலும் விட்டதால் ஆட்கள் பாதிக்கப்படுகிறார்கள், ஒவ்வொருவரும் கையில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. லித்தியத்தில் ஆபத்து வருவது பெரும்பாலும் இப்படித்தான். மாத்திரை அதேதான் இருக்கும், சுற்றியிருக்கிற ஏதோ ஒன்று மாறியிருக்கும். ஆகவே சேதி வந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும், தற்கொலை அபாயமும் ஏறும். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்து டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். அவசரமாக நிறுத்த வேண்டிய ஒரே இடம் நஞ்சேறும்போது. அது கேள்வி 9-ல்.

5. மூட்டு வலி, உடம்பு வலின்னா கடையில மாத்திரை வாங்கிப் போடலாமா?

எது என்பதைப் பொறுத்தது. பாராசிட்டமால் போடலாம். டோலோ 650 என்றால் அதில் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் இவை கூடாது. சிறுநீரகம் லித்தியத்தை வெளியே தள்ளுவதை இவை குறைக்கும், சில நாளிலேயே ரத்த அளவு ஏறும். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபெனும் ஜீரோடால்-பி-யில் அசெக்ளோஃபெனாக்கும் கலந்திருக்கின்றன. பாராசிட்டமாலும் சேர்ந்தே இருப்பதால் "காய்ச்சல் மாத்திரைதானே" என்று ஏமாந்துவிடுவோம்.

நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து, காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் "செட்" மாத்திரை. மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பாதி உடைத்தது ஒன்று என்று அட்டை இல்லாமல் வரும். அதில் வலி மாத்திரை இல்லாத செட் அபூர்வம். லித்தியம் சாப்பிடுகிறவர் அட்டையில் பெயர் படிக்க முடியாத மாத்திரை எதையும் வாயில் போடக்கூடாது. சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் மூட்டு வலி இழுக்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். வலி தாங்கவே முடியவில்லை, அந்த மருந்துதான் வேண்டும் என்றால் மனநல டாக்டருக்குத் தெரிந்து, லித்தியம் அளவைக் குறைத்து, ரத்தம் பார்த்துக்கொண்டு போட வழியிருக்கிறது.

6. பி.பி.க்கு உப்பைக் குறைக்கச் சொல்றாரு ஒரு டாக்டரு, உப்பைக் குறைக்காதேங்கிறாரு இன்னொரு டாக்டரு. யார் சொல்றதைக் கேக்குறது?

இரண்டு பேரும் தங்கள் கணக்கில் சரிதான். சிறுநீரகத்துக்குச் சோடியமும் லித்தியமும் கிட்டத்தட்ட ஒரே சாயல். உடம்பில் உப்பு குறைந்தால் அது சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறினால் மாத்திரை கூடாமலே அளவு ஏறும். திடீரென்று கருவாடும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டால் இறங்கும். எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதை நாளுக்கு நாள் ஒரே மாதிரி வைப்பதுதான் முக்கியம். குறைக்க வேண்டுமென்றால் மெதுவாகக் குறைத்து ரத்தம் பாருங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் வருவதற்கு மாறுவதும் உப்பைக் குறைப்பதுதான்.

பி.பி. மாத்திரையில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் எல்லாம் லித்தியத்தை ஏற்றும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் 25 முதல் 40 சதவீதம் வரைகூட ஏற்றிவிடும். டெல்மிசார்டானோடு எச் என்ற எழுத்து சேர்ந்த மாத்திரையில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ராமிப்ரில் வகையில் ஏற்றம் உடனே தெரியாமல் சில வாரம் கழித்தும் வரலாம். அம்லோடிபின் போட்டால் இந்தத் தொந்தரவு இல்லை என்பதால் பல டாக்டர்கள் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

7. சித்திரை வெயில்ல அழகர் பார்க்கப் போகணும். அப்புறம் காட்டு வேலை, நூறு நாள் வேலை. போகலாமா?

போகலாம், வேர்வையில் போகும் தண்ணீரும் உப்பும் திரும்ப உள்ளே போனால். சாதாரண நாளில் இரண்டிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர். வெயிலில் நிற்கும் நாளில் அதற்கு மேல். தாகம் எடுத்தபிறகு குடிப்போம் என்று காத்திருக்க வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி என்பதால் அது மட்டும் போதாது. ஜிகர்தண்டா ருசிக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். இதயம் பலவீனமாகி "தண்ணீர் அளந்து குடி" என்று சொல்லப்பட்டவர்களுக்கு இந்த லிட்டர் கணக்கு பொருந்தாது, அவர்கள் டாக்டர் சொன்னபடிதான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் இதுதான். நடைபயணத்தில் இன்னொரு சிக்கல், கால்வலிக்கு யாராவது நீட்டும் மாத்திரை. கேள்வி 5-ஐ மறுபடி பாருங்கள்.

8. வயித்தால போகுது, வாந்தியும் இருக்கு. லித்தியத்தைப் போடவா வேண்டாமா?

அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை இது. ஒருமுறை இருமுறை இளகிப் போனது என்றால் பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடித்துக்கொண்டு கவனியுங்கள். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உப்புக் கணக்கு கெட்டுவிடும். தொடர்ந்து போகிறது, குடித்தது தங்கவில்லை, டாக்டரும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வேளை லித்தியத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், லித்தியம் சாப்பிடுகிறவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு லித்தியத்தை ஏற்றும். ஏறிய லித்தியமும் வயிற்றுப்போக்கைத்தான் உண்டாக்கும். எது முதலில் வந்தது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

9. எங்க வீட்டுக்காரருக்கு எப்பவுமே கை லேசா நடுங்கும். எந்த நடுக்கத்துக்குப் பயப்படணும்?

கையை நீட்டினால் விரல் நுனி மெல்லிசாக அதிர்வது லித்தியத்தில் சகஜம், அளவு சரியாக இருக்கும்போதும் வரும். பயப்பட வேண்டியது கை மொத்தமாக உதறும் நடுக்கம். நேற்று வரை தளும்பாமல் காபி டம்ளரைத் தூக்கியவர் இன்று சட்டையில் கொட்டிக்கொள்கிறார், கையெழுத்து கோடாக ஓடுகிறது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை என்றால் அது புது நடுக்கம். அதோடு நாக்கு குழறுவது, குடித்தவர்போல் தள்ளாடுவது, தூங்கி வழிவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தசை துடிப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு. இதில் எது சேர்ந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தாலோ எழுப்ப முடியாவிட்டாலோ 108.

லித்தியத்துக்கு முறிமருந்து கிடையாது. மற்ற நஞ்சுக்குக் கொடுக்கும் கரித்தூளும் இதை உறிஞ்சாது. சிரை வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள், கடுமையாக இருந்தால் டயாலிசிஸ். அதனால் டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். மாத்திரை அட்டை, கடைசி ரிப்போர்ட், கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்ட மற்ற எல்லா மாத்திரையின் அட்டைகள், மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தாமதித்தால் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

10. பத்து வருசம் சாப்பிட்டா கிட்னி போயிரும்கிறாங்களே?

எல்லோருக்கும் போகாது, சிலருக்குப் பாதிக்கும். ஆரம்பத்தில் காணும் பாதிப்பு, அடிக்கடி சிறுநீர் போவதும் ஓயாத தாகமும். சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் திறனை இழப்பதால் வருவது இது. "சுகர் வந்திருச்சு" என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டு, கேள்வி 6-ல் சொன்ன வழியில் நஞ்சேறும். நீண்ட காலத்தில் வடிகட்டும் திறன் மெதுவாகக் குறைவது கிரியாட்டினினில் தெரியும். ஒரு எண்ணை மட்டும் பார்க்காமல் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துச் சரிவைப் பார்க்க வேண்டும். அதனால் பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். சரிவு தெரிந்தால் அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை மனநல டாக்டரும் சிறுநீரக டாக்டரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள்.

ஐரோப்பிய விவரத்தாளில் சிறுநீரகக் கட்டி பற்றியும் ஒரு வரி இருக்கிறது. பத்து ஆண்டுக்கு மேல் சாப்பிட்டு, ஏற்கெனவே சிறுநீரகம் கடுமையாகக் கெட்டவர்களிடம் பதிவானவை அவை. ஃபோனில் வரும் சேதியில் இந்தப் பின்பாதி காணாமல் போயிருக்கும்.

11. தைராய்டு வந்திருச்சு. லித்தியத்தை நிறுத்திரலாமா?

தேவையில்லை. லித்தியத்தால் வருவது பெரும்பாலும் தைராய்டு சுரப்பு குறைவதுதான். அதற்குத் தைராக்சின் மாத்திரை சேர்த்து இரண்டையும் தொடரலாம்.

12. சுகருக்குப் புது மாத்திரை எழுதியிருக்காங்க, அதுக்கும் இதுக்கும் ஆகுமா?

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்றால் கேள்வி நியாயமானது. இவை லித்தியத்தைக் குறைக்கும். 2023-ல் அமெரிக்க விவரத்தாள்களில் இந்த எச்சரிக்கை சேர்ந்தது. இங்கே விளைவு நேர் எதிர், நஞ்சு ஏறாது, மருந்து போதாமல் போய் நோய் திரும்பலாம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ரத்தம் பாருங்கள். நிறுத்தும்போது அளவு திரும்ப ஏறும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். காபிக்கும் இதே கணக்கு. நாளுக்கு நாலைந்து காபி குடிப்பவர் மாலை போட்டதும் அடியோடு விட்டால் லித்தியம் கொஞ்சம் ஏறும்.

13. நோன்பு வைக்கலாமா? சஷ்டி விரதம் இருக்கலாமா?

சாப்பாடு இல்லாத விரதத்தைவிடத் தண்ணீர் இல்லாத விரதம்தான் சிக்கல். ரமலான் தொடங்க ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் சொன்னால், மாத்திரையை இரவு ஒரே வேளையாக மாற்றி, நோன்பின் முதல் வாரத்தில் ஒருமுறை ரத்தம் பார்க்கத் திட்டமிடலாம். கோடையில் வரும் நோன்பு, சிறுநீரகக் கோளாறு, சமீபத்தில் அளவு ஏறியவர் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சஷ்டியில் பால், பழம், தண்ணீர் எடுக்கிறவர்கள் உப்பு அறவே இல்லாமல் ஆறு நாள் இருக்க வேண்டாம்.

14. எம் மகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. மாத்திரையை உடனே நிறுத்திரட்டுமா?

அவளாக நிறுத்தக்கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயக் குறைபாட்டுக்கான வாய்ப்பை லித்தியம் கூட்டுகிறது. பழைய காலத்தில் பயந்த அளவுக்கு இல்லை என்பதை 2017-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அளவு கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது, நாளுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் போனால் தெளிவாகவே கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எனவே அளவைக் குறைத்துத் தொடர்வதா, மெதுவாக நிறுத்துவதா என்பது அவளுடைய நோய் எவ்வளவு கடுமையாக வந்தது என்பதைப் பொறுத்தது. இதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட்டுக்கு மாறுவது தீர்வல்ல, அது கருவுக்கு இதைவிடக் கெடுதல்.

தொடர்ந்தால் ஐந்தாம் மாத வாக்கில் குழந்தையின் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் அளவு இறங்கும், பிரசவமானதும் சட்டென்று ஏறும். மாதம் ஒருமுறை, கடைசியில் வாரம் ஒருமுறை ரத்தம் பார்ப்பது அதனால்தான். வாந்தி அதிகமிருந்தால் கேள்வி 8.

15. கடையில "இந்தக் கம்பெனி இல்ல, அந்தக் கம்பெனி இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்"கிறாங்க.

அதே மில்லிகிராம், அதே வகை என்றால் அவசரத்துக்கு வாங்கலாம். டாக்டரிடம் சொல்லி, ஒரு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். சாதா 300-க்குப் பதில் 400 எஸ்.ஆர். என்றால் வாங்காதீர்கள். கரையும் வேகம் வேறு, மொத்தக் கணக்கும் மாறும். கையிருப்பு ஒரு வாரத்துக்கு வரும்போதே அடுத்ததை வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

16. நாட்டு மருந்து சேத்துச் சாப்பிடலாமா? கல்லடைப்புக்கு நெருஞ்சில் கசாயம் குடிக்கிறோம்.

நெருஞ்சில், சிறுபீளை போன்றவை சிறுநீரைப் பெருக்கும் என்பதற்காகத்தான் கொடுக்கப்படுகின்றன. நீரையும் உப்பையும் வெளியேற்றும் எதுவும் கேள்வி 6-ன் வழியில் லித்தியத்தை ஏற்றக்கூடியதே. சித்த மருத்துவரிடம் லித்தியம் பற்றியும், மனநல டாக்டரிடம் கசாயம் பற்றியும் சொல்லுங்கள். ஒருவரிடம் மற்றவரை மறைப்பதுதான் நடக்கிறது.

17. ரிப்போர்ட்ல 0.9தான் இருக்கு. ஆனா அப்பா தள்ளாடுறாரு, பேச்சு குழறுது. லேப்காரங்க நார்மல்ங்கிறாங்க.

ஆளைப் பாருங்கள், எண்ணை அல்ல. பல வருடம் சாப்பிடுகிற வயதானவர்களுக்கு ரத்தத்தில் சாதாரணமாகக் காட்டும்போதே மூளைக்குள் லித்தியம் கூடியிருக்கலாம். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகவும் அங்கிருந்து வெளியே வரவும் அதற்கு நேரம் பிடிக்கும். ஹாலோபெரிடால் போன்ற மற்றொரு மனநல மருந்து சேர்ந்திருந்தாலும் இப்படி நேரலாம். கேள்வி 9-ல் சொன்ன அதே பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் காத்திருக்க நேரமில்லை.

18. பக்கவிளைவு வந்தா யார்கிட்டச் சொல்றது? நாமளே எழுதலாமா?

எழுதலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாள்களில் எடுப்பார்கள். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. மாத்திரையின் பெயர், அட்டையிலுள்ள பேட்ச் எண், சாப்பிடத் தொடங்கிய தேதி, கூடச் சாப்பிட்டவை, என்ன நடந்தது. இவ்வளவு போதும். பேட்ச் எண் இருக்கும் ஓரத்தை முதலில் கிழித்து மாத்திரை எடுக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

19. ரெண்டு வாரமா நிறுத்திட்டாரு. இப்பப் போடச் சம்மதிக்கிறாரு. பழைய அளவையே ஆரம்பிச்சிரலாமா?

ஒரு வேளை மறந்தால் விட்டுவிட்டு அடுத்த வேளையைப் போடுவது, இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது, அவ்வளவுதான். இரண்டு வாரம் என்பது வேறு. அந்த இடைவெளியில் பி.பி. மாத்திரை மாறியிருக்கலாம், சாப்பாடு குறைந்திருக்கலாம், சிறுநீரகத்தின் நிலையும் மாறியிருக்கலாம். சம்மதித்த அன்றைக்கே அழைத்துப் போங்கள், மனம் மாற நேரம் கொடுக்க வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்காவிட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வரும் நாளைக் கேளுங்கள், அல்லது 14416-ல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸுக்குப் பேசுங்கள். கிரியாட்டினின் பார்த்து, எந்த அளவில் தொடங்குவது என்று டாக்டர் எழுதித் தருவார். தொடங்கி ஏழாம் நாள், ராத்திரி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம்.